மஞ்சள் கொடியின் கீழ் ஒரு செத்தவீடு

1

இந்த வருடம் அப்பாவின் முதலாம் ஆட்டைத் திவசம் வந்த நாள் எங்கள் கப்பலில் இல்லை. இது எழுத்துப் பிழையல்ல. ஹவாயிலிருந்து ஜப்பானுக்குப் போகிற வழியில் கடலின் நடுவே ஒரு கோடு இருக்கிறதாம். அதை மேற்குப் பக்கமாகத் தாண்டுகிறவர்களுக்கு ஒரு நாள் கிடையாது. திங்கட்கிழமை காலை ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இன்று படுத்து எழும்பினால் புதன். மாணவர்கள் கைதட்டினார்கள். செவ்வாய்க்கிழமை வகுப்பு இருந்தவர்கள் விசிலும் அடித்தார்கள்.

அன்று பின்னேரம் தம்பி ரவி வட்ஸ்அப்பில் வந்தான். திருகோணமலையில் அப்போது செவ்வாய் முற்பகல். வீட்டுக்கு ஐயர் வந்துவிட்டார். பின்னால் யாரோ ஏனங்கள் கழுவுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, இஞ்ச தொடங்கப் போறம். நீங்களும் அங்க ஒரு விளக்குக் கொளுத்துங்கோ.”

“கப்பலில நெருப்புக் கொளுத்த விடமாட்டினம் ரவி.”

“சாம்பிராணியாவது?”

“அதுக்கும் மணி அடிக்கும். அதோட இஞ்ச இண்டைக்குத் திங்கள். விடிஞ்சாப் புதன்.”

நான் திவசத்திலிருந்து நழுவப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு ஐயரைக் கேட்டுக்கொண்டு வந்தான். “கடலில நிக்கிறவைக்கு இதெல்லாம் பாக்கத் தேவையில்லையாம். மரக்கறி மட்டும் சாப்பிடட்டாம்.”

இந்தக் கப்பலில் அவித்த போஞ்சியும் அவித்த கரட்டும் தின்று என் நாக்குச் செத்துக் கனநாளாயிற்று. ஐயர் அதைத் தண்டனை என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் விரதம் என்கிறார்.

ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். போன வருடம் தகப்பனின் செத்தவீட்டன்று அவளுடைய கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள்தானே நின்றது, பெற்ற மகள் ஏன் இறங்கி வரவில்லை? ரவி விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனான். சிலர் அவனிடம் கேட்காமல் தாங்களே விடையையும் வைத்திருக்கிறார்கள்: கனடாக்காரிக்குக் கொழுப்பு. ஆகவே நானே எழுதுகிறேன்.

2

நான் உட்துறைமுக வீதியில் இருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் பிறந்தவள். அப்பா சீனன்குடா எண்ணெய்த் தாங்கி நிலையத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். நான் ஸ்காபரோவில் குடியிருக்கிற நேர்ஸ். கணவர் அங்கே பஸ் ஓட்டுகிறார். மகள் ஒருத்தி, ஆரணி.

கப்பல் என்றதும் கொள்கலன் கப்பலை நினைக்க வேண்டாம். இது பல்கலைக்கழகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உலகத்தைச் சுற்றுகிற கப்பல். ஒரு தவணை முழுக்கக் கடலில் படிப்பு, துறைமுகங்களில் ஊர்பார்ப்பு. மேல்தளங்களில் வகுப்பறைகள், நூலகம். கீழே எங்கள் சிறிய மருந்தகம். அதில் ஒரு டொக்டர், நான். டொக்டர் ஓய்வுபெற்ற அமெரிக்கர், நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம். காலையில் தடிமன், மத்தியானம் கால் சுளுக்கு, பின்னேரம் காதலித்தவன் பேசவில்லை என்று நெஞ்சு நோகிறது என்பார்கள். எல்லாவற்றுக்கும் பரசிற்றமோல் கொடுப்பேன்.

இந்த வேலைக்கு நான் வந்ததே ஆரணிக்காகத்தான். ஊழியரின் பிள்ளைகளுக்கும் படிக்க இடம் கொடுப்பார்கள். அதோடு, போன வருடப் பயணத்தில் திருகோணமலையும் ஒரு துறை என்று போட்டிருந்தது. அவளை அப்பாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. ரவிக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பாவுக்கு ஒரேயொரு பேத்தி, அவளை அவர் தொட்டுப் பார்த்ததில்லை.

ஞாயிறுகளில் வீடியோவில் பேசுவார்கள். பேச்சென்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவளுக்குத் தமிழ் விளங்கும், வாய்க்கு ஒன்றிரண்டு சொல்தான் வரும். அவருக்கு இங்கிலீசு வரும், அவளுடைய இங்கிலீசு விளங்காது. அதனால் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, கோட்டைப் பக்கமிருந்து இறங்கி மதிலோரம் இலை கடிக்கிற மான்களைக் காட்டுவார். அவள் ஸ்காபரோவில் பனிக்குள் இருந்து அதைப் பார்ப்பாள். அரைமணித்தியாலம் இரண்டு பேரும் மான் பார்ப்பார்கள். அது முடிந்தால் போனை வைத்துவிடுவார்கள்.

கப்பலேறிய முதல் கிழமையே ஆரணி எனக்கு ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். இங்கே நீங்கள் நேர்ஸ், நான் மாணவி. சாப்பாட்டு மேசைக்கு வந்து “காணுமோ, இன்னும் கொஞ்சம் போடட்டோ” என்று கேட்கக்கூடாது. ஒரு நாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது சிநேகிதிகளுக்கு முன்னால் “ஹலோ நேர்ஸ்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டு நடந்தார்கள், அதுதான் கூடக் கோபம்.

3

ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முன்னர் ஒரு கூட்டம் நடக்கும். பேராசிரியர் அந்த நாட்டின் வரலாற்றைச் சொல்வார். பாதுகாப்பு அதிகாரி கள்ளரைப் பற்றிச் சொல்வார். நேர்ஸ் நோய் வருத்தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொச்சியை விட்டு வெளிக்கிட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை, திருகோணமலைக்கான கூட்டம். மேடையில் ஏறி நின்று நான் சொன்னேன்: குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். வெட்டி வைத்த பழம் வாங்காதீர்கள். ஐஸ் வேண்டாம். நாய்களைத் தடவாதீர்கள். பின்னேரங்களில் நுளம்புக்கு மருந்து பூசுங்கள். நான் குடித்து வளர்ந்த தண்ணீர், நான் தின்ற அன்னாசி, நான் தடவிய நாய்.

ஒரு பெடியன் கையை உயர்த்தினான். அப்படியென்றால் அங்கே உள்ள சனங்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டான். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான்.

சிலர் இருக்கிறார்கள் என்றேன்.

ஈச்சிலம்பற்றுக்கு ஒரு பஸ் ஒழுங்கு செய்திருந்தார்கள். மீனவக் குடும்பங்களைச் சந்தித்து ஆளுக்கொருவரைப் பேட்டி எடுத்து எழுத வேண்டும், அதற்குப் புள்ளிகள் உண்டு. யாரைக் கேட்பது, என்ன கேட்பது என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி ஒலிவாங்கியோடு முன்னால் நிற்கிறாள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்து மருந்தகத்துக்கு வந்தபோது ரவி வரிசையாகப் போன் எடுத்திருந்தான். திருப்பிக் கூப்பிட்டேன்.

“அக்கா, அப்பா போயிட்டார். தேத்தண்ணி குடிச்சவர். கதிரையில இருந்தபடியே.”

அம்மா செத்தபோது என் அகதி வழக்கு முடியாமல் இருந்தது. கனடாவை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே போக ஏலாது. அம்மாவின் செத்தவீட்டை நான் டிவிடியில் பார்த்தேன். யாரோ என் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்ததை வீடியோக்காரன் வெட்டாமல் விட்டிருந்தான். இந்த முறை அப்படி ஆகாது என்று ரவி முடிவெடுத்திருந்தான்.

“பழுதாகாம எம்பாம் பண்ணச் சொல்லிப்போட்டன். நீங்கள் வியாழன் காலமை வந்திடுவியள்தானே. பின்னேரம் எடுப்பம். ஆனா அதுக்கு மேல வைச்சிருக்க ஏலாது.”

ஏன் ஏலாது என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஒழுங்கை முகப்பில் எங்கள் பிள்ளையார் கோயில். வெள்ளி காலை கொடியேற்றம். ஒழுங்கைக்குள் பிரேதம் கிடக்கும் மட்டும் கோயில் கதவு திறக்க மாட்டார்கள். கோயில்காரர் நல்லவர்கள், அப்பாவோடு ஒன்றாகத் தேர் வடம் பிடித்தவர்கள். அவர்களே வந்து ரவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வியாழன் பொழுதுபடும் வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். குறை சொல்ல ஒருவருமில்லை.

“ஆரணி பந்தம் பிடிக்க வேணும்” என்றான் ரவி. “வேற ஆர் இருக்கினம் அவருக்கு?”

பேரப்பிள்ளைகள் பிரேதத்தைச் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிக்கிற வழக்கத்தை ஆரணிக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. என்ன உடுப்பது, தலைமயிரைக் கட்ட வேண்டுமா, பந்தத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று கேட்டாள். எந்தக் கை என்பது எனக்கும் தெரியவில்லை. ரவியிடம் கேட்டுச் சொன்னேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் சிநேகிதிகளை விட்டுவிட்டு என் மேசைக்கு வந்து இருந்தாள்.

4

அன்று பின்னேரமே சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கிவிட்டன. முதலில் ஒரு பெட்டை, பிறகு அவளோடு ஒரே கபினில் படுக்கிறவள், பிறகு குசினியில் சமைக்கிற ஒருவன். இரண்டு கபின் தள்ளி இன்னும் சிலர். இந்த வருத்தம் பரவுவது எனக்குப் புதிதல்ல. ஒவ்வொருவரையும் அவரவர் கபினுக்குள் அடைப்போம், சாப்பாடு கதவடிக்குப் போகும், கைப்பிடிகளை எல்லாம் மருந்து போட்டுத் துடைப்போம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. வருத்தக்காரரின் எண்ணிக்கை அந்த எல்லைக்குக் கீழே என்றால் வழக்கமான வயிற்றுக் குழப்பம் என்று எழுதலாம், துறைமுகத்தில் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எல்லையைத் தொட்டால் அது தொற்று. கப்பல் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு, சுகாதார அதிகாரி வந்து பார்த்து விடுகிற வரைக்கும் நிற்க வேண்டும். புதன் மத்தியானம் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஓராள் விழுந்தால் தொற்று என்றுதான் அறிவிக்க வேண்டும் என்றார்.

அந்த ஓராள் என் கபின் கதவைத் தட்டினாள். உள்ளே வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் ஓடி ஆரணி சத்தி எடுத்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைக் கழுவிவிட்டு என் கட்டிலில் விழுந்தாள்.

“கடல் சுத்துறது அம்மா. எழுதாதேங்கோ.”

கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அவளுடைய வயதுக்கு மறுநாளே நிமிர்ந்துவிடுவாள். அப்பாவின் தலைமாட்டில் பந்தத்தோடு அவள் நிற்பதை நான் அந்த நேரத்துக்குள் எத்தனை தரம் பார்த்துவிட்டேன்.

ஆனால் கொரோனாக் காலத்தில் நான் ஸ்காபரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தவள். கூட வேலை செய்த ஒருத்தி, பிள்ளைகுட்டிக்காரி, இருமலை மறைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் தன்னுடைய நியாயம் இருந்தது. அந்த மாடியில் கட்டில்கள் ஒவ்வொன்றாக வெறுமையானதை நான்தான் விரிப்பு மாற்றி மாற்றிப் பார்த்தேன். எங்கள் செத்தவீட்டுக்கு யார் வருவார்கள்? அப்பாவின் வயதுக்காரர் வருவார்கள். அயலட்டையின் குஞ்சுகுருமான் வரும். ஒரே வாளித் தேத்தண்ணியை எல்லோரும் மொண்டு குடிப்பார்கள். அதற்குள் நான் இவளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவதா?

இன்னொன்றையும் ஒளிக்கவில்லை. தொற்று என்று சொன்னாலும், வருத்தமில்லாதவர்களை இறக்குவார்கள் என்று நம்பினேன். ஆரணியின் பந்தம் போகும், எனக்கு வாய்க்கரிசி போடக் கிடைக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டது.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே எழுதவில்லை. கடல் சுற்றலாகவும் இருக்கலாமே, அவள் உன் பிள்ளை, உனக்குத்தான் தெரியும் என்றார். அவருக்கு என் அப்பாவின் விஷயம் தெரியும். நல்ல மனிதர் என்று சொன்னேன்தானே.

இல்லை டொக்டர், இது அதுதான் என்றேன்.

ஆரணியை அவளுடைய கபினில் அடைக்கக் கொண்டுபோனபோது நான் கையுறையும் முகக்கவசமும் போட்டிருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் மருந்தகத்துக்கு வரவில்லை, அம்மாவிடம்தான் வந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சாப்பாடு கதவடிக்கு வரும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

5

வியாழன் காலை சுவாமிமலையைச் சுற்றிக்கொண்டு கப்பல் உள்ளே வந்தது. மேலே கோணேசர் கோயில், கீழே பாறையில் அடிக்கிற தண்ணீர். மாணவர்கள் கம்பி அழியோரம் நெருக்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு மஞ்சள் கொடியை ஏற்றினார்கள். டொக்டரின் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு கம்பத்தில் செத்தவீட்டு வெள்ளைக்கொடி தெரிந்தது. மூதூருக்குப் போகிற படகு எங்களைக் கடந்து போயிற்று. அதில் இருந்தவர்கள் கை காட்டினார்கள்.

சுகாதார அதிகாரி இளம் டொக்டர், கிண்ணியா ஊர்ப் பிள்ளை. என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“மிஸ், நீங்க திருகோணமலையா?”

“ஓம் தம்பி. அப்பா வீட்டில கிடக்கிறார். இண்டைக்குப் பின்னேரம் எடுக்க வேணும். அந்தா தெரியுது எங்கட ஒழுங்கை.”

அவர் நான் காட்டிய பக்கம் பார்த்தார். பிறகு கையில் இருந்த கடதாசிகளைப் பார்த்தார்.

“தொற்று எண்டு நீங்களே எழுதி இருக்கீங்க மிஸ். ரெண்டு நாளைக்கு ஒராளும் இறங்க ஏலா.”

“எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை. நான் ஒருத்தி மட்டும் போயிட்டு வாறன்.”

“வருத்தக்காரர் எல்லாரையும் தொட்டுப் பாக்கிற ஆள் நீங்கதானே. மத்தவங்கள விட்டாலும் உங்கள விடேலாது.”

சரியாகத்தான் சொன்னார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் மீண்டும் கடதாசியைப் புரட்டினார்.

“ஒராளாலதான் கூடியிருக்கு. அந்த ஒராள் இல்லாட்டி நான் சைன் வெச்சுட்டுப் போயிருப்பன்.”

“அது என்ர மகள்” என்றேன்.

அவர் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். போகும்போது அப்பாவின் பெயரைக் கேட்டார். தன்னுடைய வாப்பாவும் சீனன்குடாவில் வேலை செய்தவர், கேட்டால் தெரிந்திருக்கும் என்றார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய ஏலாது, எனக்கும் அவரைக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

6

கப்பல் அந்த இரண்டு நாளையும் நிற்கவில்லை. அடுத்த துறைமுகத்துக்குப் பிந்திவிடும் என்று வெள்ளி பின்னேரமே நங்கூரத்தைத் தூக்கினார்கள். ஈச்சிலம்பற்றுப் பேட்டிக்குப் பதிலாக மாணவர்கள் ஒரு விவரணப்படம் பார்த்து எழுதினார்கள். வெள்ளி காலையில் கொடியேற்றத்தின் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் தண்ணீருக்கு மேலால் வந்தது. அது என்ன விழா என்று கேட்டார்கள். பிள்ளையார் கோயில் என்றேன்.

அந்த வருத்தத்தில் ஒருவரும் சாகவில்லை. ஆரணி உட்பட எல்லோரும் அடுத்த கிழமைக்குள் எழும்பித் திரிந்தார்கள். நான் செய்தது சரியா என்று யாராவது கேட்டால் சரிதான் என்பேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பது ஏன் வரவில்லை என்பதைத்தான்.

ஆரணி இப்போது ரொறன்ரோவில் சிநேகிதிகளோடு வீடெடுத்து இருக்கிறாள். தகப்பனோடு போனில் கதைப்பாள். எனக்கு எழுத்தில் வரும், அதுவும் பெரும்பாலும் கட்டைவிரல் படம்தான். சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தப் பயணத்துக்கு நான் தனியாக வந்தேன். இந்த முறை கப்பல் திருகோணமலைக்குப் போகாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வேலையை ஒப்புக்கொண்டேன்.

7

ஊரில் கேட்கிறவர்களுக்கு ரவி இவ்வளவையும் ஓரளவு சொல்லியிருப்பான். வியாழன் பின்னேரத்தைச் சொல்லியிருக்க மாட்டான்.

நான் ஆரணியின் கபினுக்குள் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவி வீடியோவில் வந்தான். வெறும் மேல், ஈர வேட்டி, கண் வீங்கியிருந்தது. பின்னால் பறை அடித்தது. போனை அப்பாவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். எம்பாம் செய்தவர்கள் கன்னத்தை நிரப்பியிருந்தார்கள். அப்பா ஒருநாளும் அவ்வளவு கொழுத்திருந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தத்தோடு நின்றார்கள், சின்னவன் புகைக்குக் கண்ணைக் கசக்கினான்.

“வாய்க்கரிசி எல்லாரும் போட்டாச்சு அக்கா. மூத்த பிள்ளை நீங்கள். நீங்கள் சொன்னாப் பெட்டி மூடுவம்.”

ஒரு சொல்தான், அதைச் சொன்னால் போதும். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் என்ன, யாராவது மனமிரங்கி ஒரு படகு அனுப்பினால் என்ன என்று மனம் அலைந்தது.

“அக்கா, கோயில்காரர் நிக்கினம். ஒண்டும் சொல்லேல்லை. ஆனா நிக்கினம்.”

ஒழுங்கை முழுக்க எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார்கள்.

ஆரணி கட்டிலில் எழும்பி இருந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மாமா, மூடுங்கோ” என்றாள். “அம்மா வரமாட்டா.”

“ஓம் பிள்ளை” என்றான் ரவி.

பிறகு யாருடையவோ தோள், பந்தலின் வெள்ளைத்துணி, ஆணி அடிக்கிற சத்தம். படம் நின்றுபோயிற்று. அவள் போனை என்னிடம் நீட்டினாள். வருத்தக்காரர் தொட்ட பொருளை எப்படி வாங்க வேண்டுமோ அப்படித்தான் வாங்கினேன். மருந்துத் துணியை எடுத்து முன்னும் பின்னும் துடைத்தேன், இன்னொரு துணி எடுத்து இன்னொரு முறையும் துடைத்தேன், அதன் பிறகே பைக்குள் போட்டேன். அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.